இசிபிங்கோ 325ஐஎஸ்: ஓட்டாமல் காத்த ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

மதிப்பீட்டுக்கு வந்த வண்டி 1992ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ். இரண்டு கதவு, வெள்ளை நிறம், பிரிட்டோரியாவை அடுத்த ராஸ்லின் ஆலையில் செய்தது. மீட்டர் காட்டிய எண் 18,412 கிலோமீட்டர். அதன் ஒரே உரிமையாளர் டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில் மருந்துக்கடை நடத்திய தமிழர். அவர் காலமான பிறகு, இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய சொத்துப் பட்டியலில் இந்தக் காருக்கு ஒரு தொகை எழுத வேண்டியிருந்தது. என்னை அழைத்தது அதற்காகத்தான். ஒரு மணி நேர வேலை. ஆனால் வாரிசுகள் இருவர், கருத்துகளும் இரண்டு. ஆகவே அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

மகன் ஜோஹன்னஸ்பர்க்கில் கணக்காளர். வண்டியை அப்படியே மூடி வைக்க வேண்டும், ஒரு கிலோமீட்டர்கூட ஏறக்கூடாது, பத்து ஆண்டு கழித்து விற்கலாம் என்பது அவர் கட்சி. தங்கை டர்பனிலேயே உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். வண்டியைத் தாழ்த்தி, பிற்கால 24 வால்வு என்ஜின் ஒன்றை ஏற்றி, பிரேக்குகளைப் பெரிதாக்கி, வாரந்தோறும் ஓட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. இருவரும் என்னை “அங்கிள்” என்றே அழைத்தார்கள். இங்குள்ள இந்தியக் குடும்பங்களில் மூத்த ஆண் எவரும் அங்கிள்தான். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு பெரிய வழக்காகிறது?

தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ இருந்து படிப்பவருக்கு இது ஒரு பழைய பிஎம்டபிள்யூ, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. ஜெர்மனிக்கு வெளியே பிஎம்டபிள்யூவின் முதல் ஆலை ராஸ்லின்தான். 1973இல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அங்கே உலகில் வேறெங்கும் விற்காத சில வகைகளைச் செய்தார்கள். 1985 முதல் 1987 வரை, பெரிய 733ஐ காரின் 3.2 லிட்டர் என்ஜினைச் சிறிய இரண்டு கதவு உடலுக்குள் திணித்து 333ஐ என்ற வண்டியைச் செய்தார்கள். மொத்தம் 204 மட்டுமே. பானெட்டுக்கு அடியில் இடம் போதாததால், வாங்குபவர் ஏசி அல்லது பவர் ஸ்டீயரிங் இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் இந்தத் தேர்வு எவ்வளவு கடினம் என்பதை இங்கே வாழ்ந்தவரே அறிவார்.

அடுத்து வந்தது 325ஐஎஸ். முதலில் 2.5 லிட்டர், பிறகு 2.7 லிட்டர். இந்த என்ஜின் வளர்ந்ததற்குக் காரணம் பந்தயம். குரூப் என் பந்தயங்களில் ஓப்பல் கேடட் சூப்பர்பாஸ் என்ற முன்சக்கர இழுவை வண்டி பிஎம்டபிள்யூவை விடாமல் துரத்தியது. பந்தயத்தில் ஓடுவது கடையில் விற்கும் வண்டியாகவே இருக்க வேண்டும் என்பது விதி. எனவே பந்தயத்தில் வெல்ல வேண்டுமானால் கடையில் விற்கும் வண்டியையே வலுவாக்க வேண்டும். அந்தப் போட்டியின் பலனை மருந்துக்கடைக்காரரும் ஆசிரியரும் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. 90களில் திருடர்கள் தேடித் தேடி எடுத்த வண்டி இது. நகர்ப்புறக் குடியிருப்புகளில் இந்தத் தலைமுறை பிஎம்டபிள்யூவுக்குக் குஷெஷே என்று பெயர். ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் தொடங்கிய ஸ்பின்னிங் என்ற, காரை வட்டமாகச் சுழற்றும் விளையாட்டில் அதுவே நாயகன். 2014இல் அந்த விளையாட்டுக்கு நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பையன்கள் இதே வண்டிக்கு டர்போ பூட்டினார்கள், என்ஜின் மாற்றினார்கள், உடலை வெட்டினார்கள். திருட்டுக்கும் வெட்டுக்கும் விபத்துக்கும் தப்பி, ஆலையிலிருந்து வந்தபடியே நிற்கும் 325ஐஎஸ் கிடைப்பது அரிது. தங்கையின் வாதத்துக்கும் இதே வரலாறுதான் ஆதாரம் என்பது வேடிக்கை. “இந்த வண்டி பேர் வாங்கியதே மாற்றியமைத்தவர்களால்தானே, அங்கிள்? பந்தயத்துக்காக என்ஜினை மாற்றியது ஆலை. அதையே நான் செய்தால் மட்டும் குற்றமா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

மீட்டரின் எண்ணை நம்பலாமா?

குறைந்த கிலோமீட்டர் வண்டி என்று சொல்லிக்கொண்டு வருவதில் பாதி பொய். இந்தத் தலைமுறை பிஎம்டபிள்யூவில் சந்தேகத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. மீட்டருக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதானால் நொறுங்கிவிடும். வேகமானி ஒழுங்காக வேலை செய்யும். கிலோமீட்டர் எண் மட்டும் நின்றுவிடும். உரிமையாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் வண்டி எண்ணில் ஏறாமலே இருமடங்கு ஓடியிருக்கலாம். ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் பெடலின் ரப்பரில் கோடுகள் தேயாமல் இருந்தன. ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு, ஏறி இறங்கும்போது உராயும் இடம், மடிப்பில்லாமல் இருந்தது. சாவித் துளையைச் சுற்றிக் கீறல் குறைவு. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் 1992இல் தொடங்கி 1996இல் நின்றன. கடைசி முத்திரையில் எழுதியிருந்த எண் 17,900க்குக் கொஞ்சம் மேல். டயர்கள் ஆலையில் பூட்டியவையே. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய டயரில் தயாரிப்புத் தேதி மூன்று இலக்கத்தில் இருக்கும்: முதல் இரண்டு வாரம், மூன்றாவது ஆண்டின் கடைசி இலக்கம். இதில் 072. அதாவது 2இல் முடியும் ஓர் ஆண்டின் ஏழாம் வாரம். எந்தப் பத்தாண்டு என்ற குழப்பத்தைத் தீர்க்கச் சில நிறுவனங்கள் 90களில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டன. இங்கே முக்கோணம் இருந்தது. பெயின்ட் தடிமனை எல்லாப் பக்கமும் அளந்தேன். எங்கும் மறுபூச்சு இல்லை.

ஆக எண் உண்மை. மகனின் முகம் மலர்ந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

அப்பா செய்த பராமரிப்பு

இவர் வண்டியைக் கைவிட்டவர் அல்லர். அதுதான் இந்த வழக்கின் முக்கியமான செய்தி. வழிப்பறிக்குப் பயந்து 1996 வாக்கில் வெளியே எடுப்பதை நிறுத்தினார். பிறகு ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய்வந்த பிறகு கராஜைத் திறந்து, என்ஜினை இயக்கி, பத்து நிமிடம் விட்டு நிறுத்துவார். துடைப்பார். பிளாஸ்டிக் தார்ப்பாயால் போர்த்துவார். எலி வராமல் அந்துருண்டை போடுவார். வண்டியின் மேல் எவரும் கை வைக்க முடியாது.

இந்த ஒவ்வொன்றும் வண்டியைத் தின்றது.

குளிர்ந்த என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் என்ஜின் எண்ணெயிலும் தண்ணீராகத் தங்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் அது ஆவியாகி வெளியேறிவிடும். கராஜில் நின்றபடி வெளியேறாது. சைலன்சர் உள்ளிருந்து வெளியே அரித்து, கை வைத்தால் உதிர்ந்தது. எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற பாலாடை. பெட்ரோல் டாங்கின் உட்சுவரில் துரு. பழைய பெட்ரோல் பிசினாகிப் பம்பின் வடிகட்டியை அடைத்திருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலை இந்த நாடு நிறுத்தியது 2006இன் தொடக்கத்தில். வண்டியின் நல்ல காலம் முழுவதும் அந்தப் பெட்ரோலில்தான் கழிந்தது.

தார்ப்பாய் ஈரத்தை உள்ளே அடைத்தது. வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம், காற்றில் உப்பு. பானெட்டின் முன் விளிம்பில் பெயின்ட் கொப்புளங்கள். முன் கண்ணாடியின் கீழ் ரப்பருக்கு அடியில் துரு தொடங்கியிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் திரவம்; இரண்டாண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியது, கால் நூற்றாண்டு அப்படியே கிடந்து பிரேக் பிஸ்டன்களைத் துருவோடு சேர்த்து இறுக்கிவிட்டது. ரப்பர் குழாய்கள், என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாம் கல்லாகியிருந்தன. டயரின் இழைகள் புதிது போல ஆழமாக இருந்தன. பக்கச் சுவரில் விரல் நகம் நுழையும் அளவு வெடிப்பு.

அப்புறம் டைமிங் பெல்ட். இந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் வால்வுகளை இயக்குவது சங்கிலி அன்று, பல் வைத்த ரப்பர் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை மோதும்; என்ஜினின் தலைப்பகுதி போய்விடும். பணிமனைகள் நாலாண்டுக்கொரு முறை, கிலோமீட்டர் ஆகாவிட்டாலும், மாற்றச் சொல்லும். இதில் இருந்தது 1992இன் பெல்ட். அதாவது ஞாயிறுதோறும் அவர் சாவியைத் திருப்பியபோது, தான் உயிராக நினைத்த என்ஜினைப் பணயம் வைத்துத்தான் திருப்பினார். அறுந்துபோகாதது அதிர்ஷ்டம். (இதே குடும்பத்து 333ஐயிலும் பெரிய பிஎம்டபிள்யூக்களிலும் இருந்த என்ஜினில் சங்கிலி என்பதால் இந்தப் பயம் இல்லை. இணையத்தில் “பழைய பிஎம்டபிள்யூ என்ஜின் சாகாது” என்று எழுதுபவர்கள் எந்த என்ஜின் என்று சொல்வதேயில்லை.)

மகனிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தேன். “ஓட்டாத வண்டி எப்படி அங்கிள் தேயும்?” என்றார். தேயவில்லை, மட்கியது என்றேன். ஓடும் வண்டி உராய்வால் இழக்கும். நிற்கும் வண்டி ஈரத்தாலும் ரசாயனத்தாலும் இழக்கும். முன்னதன் கணக்கை மீட்டர் எழுதி வைக்கிறது. பின்னதை எழுதிவைக்க வண்டியில் கருவி கிடையாது. அதனால்தான் சந்தை முன்னதற்கு மட்டும் விலை போடுகிறது.

வெள்ளம்

தங்கையின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருந்தது. 2022 ஏப்ரல் நடுவில், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இசிபிங்கோவை ஒட்டிய புரோஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே வெள்ளத்தில் மூழ்கி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. ஆயிரக்கணக்கான புது வண்டிகள் பயனற்றுப் போயின. அந்த இரவு தெருவில் நீர் ஏறியபோது அப்பாவும் மகளும் இந்த வண்டியை மேட்டுக்கு நகர்த்தப் பார்த்தார்கள். பேட்டரி செத்திருந்தது. தள்ளினார்கள், பின் பிரேக் இறுகியதால் சக்கரம் அசையவில்லை. கதவடியில் அரிசி மூட்டைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கிவிட்டு நின்றார்கள். நீர் வாசலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

“ஆபத்து வந்தால் நாலு அடி நகர முடியாத காரை வைத்துக்கொண்டு அது பத்திரமாக இருக்கிறது என்கிறான் அண்ணன்,” என்றார் தங்கை. அண்ணனுக்கு இதற்குப் பதில் இல்லை. அவர் அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தார் என்பதைத் தங்கை இரண்டு முறை சொன்னார். அது கார் பற்றிய பேச்சு மட்டும் அன்று என்பது எனக்கும் விளங்கியது. அதற்குள் நான் போகவில்லை.

எது ஒரிஜினல்?

ஃபீவா என்ற பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது. கட்டடங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது. அதன் சாரம் பலருக்கும் வியப்பாக இருக்கும். வண்டியை ஆலையிலிருந்து வந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று அது கேட்கவில்லை. வாழ்நாளில் சேர்ந்த தடங்களும் வரலாறுதான் என்கிறது. வண்டி இயங்குவதை அதன் பொருளின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. சாலையில் ஓட்டத் தேவையான மாற்றத்தை அனுமதிக்கிறது. ஆனால் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கிய பாகங்களை வண்டியோடு பாதுகாக்க வேண்டும். ஃபீவாவின் கணக்கில் 30 வயது ஆனதும், சரியான நிலையில் பேணியதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாததுமே பழைய வாகனம். தென்னாப்பிரிக்காவில் அதன் பிரதிநிதி சாவா என்ற சங்கக் கூட்டமைப்பு. ஒப்பிட வேண்டுமானால், இந்தியாவில் 2021இல் வந்த விதி 50 ஆண்டு கடந்த, உடலும் சேசிஸும் என்ஜினும் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான் ‘விஏ’ என்ற தனிப் பதிவு கொடுக்கிறது. இசிபிங்கோ வண்டி அங்கே இருந்திருந்தால் இன்னும் சிறுவன்.

சாசனம் நல்லது. ஆனால் கையில் ஸ்பேனரோடு நிற்பவனுக்கு அது போதாது. நான் பார்க்கும் விதம் வேறு. வண்டியில் இரண்டு வகைப் பாகங்கள் உண்டு. ஒன்று, செலவாவதற்கென்றே பிறந்தவை: டயர், பெல்ட், ரப்பர், திரவம், வடிகட்டி, பிரேக் பேட். இவற்றை வடிவமைத்தவரே மாற்றும் நாளைக் குறித்துவைத்தார். அவற்றை ஒரிஜினல் என்று தாங்கிப் பிடிப்பது வடிவமைத்தவரை மீறுவது. மற்றொன்று, சாட்சி சொல்பவை: ஆலையின் பெயின்ட், வெல்டிங் புள்ளிகள், மடிப்புகளில் தடவிய பூச்சு, போல்ட்டுகளின் மஞ்சள் முலாம், பானெட்டுக்குள் ஒட்டிய காகிதம், இருக்கைத் துணி, தொழிலாளி சாக்குக்கட்டியால் எழுதிய குறி. இவை ஒருமுறை போனால் போனவைதான். தமிழ்நாட்டுக் கோவில்களில் சுத்தம் செய்கிறேன் என்று மணலை வீசிக் கல்வெட்டுகளை மழுங்கடித்தார்களே, மொத்தமாகச் சுரண்டிப் பளபளவென்று மறுபூச்சு அடிப்பதும் அதே வேலைதான். சுவர் இருக்கும், எழுத்து இருக்காது.

இந்தப் பிரிவினையில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தவறினார்கள். அண்ணன் முதல் வகையைக் காக்க நினைத்தார். ஆலை டயரைக் கழற்றவே விடவில்லை. தங்கை இரண்டாம் வகையைத் தொட நினைத்தார்.

தங்கையின் பட்டியலை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். தாழ்த்தும் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்ஸார்பரும்: போல்ட்டால் பூட்டுவது, ஒரு நாளில் திரும்ப மாற்றலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. அகலச் சக்கரம்: சக்கரம் பரவாயில்லை, ஆனால் அது உரசாமலிருக்கச் சக்கரவளைவின் உள்விளிம்பை உருட்டி மடிக்க வேண்டும், அங்கே ஆலைப் பெயின்ட் வெடிக்கும், கடற்காற்றில் துரு ஓராண்டில் வரும். முடியாது. பெரிய பிரேக்: அடுத்த தலைமுறைக் காரின் ஐந்து போல்ட் சக்கர மையங்களை இதில் பூட்டுவது இங்கே வழக்கமான வேலை. திரும்ப எடுக்கலாம்; ஆனால் நாலு போல்ட்டுக்கான ஆலைச் சக்கரங்கள் அதன் பிறகு வண்டியில் ஏறாது. இருக்கும் பிரேக்கையே புதுப்பித்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஓட்டிப் பார்த்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என்ஜின் மாற்றம்தான் சண்டை. தொழில்நுட்பமாகச் செய்யலாம், இந்நாட்டில் நூற்றுக்கணக்கான பேர் செய்திருக்கிறார்கள். எண்ணெய்த் தொட்டி, தாங்கிகள், பிரேக் பூஸ்டர், வயரிங் எல்லாம் மாற வேண்டும். என்ஜின் எண் மாறினால் காவல்துறைச் சான்று வாங்கிப் பதிவேட்டில் திருத்த வேண்டும். அந்த நொடியிலிருந்து பதிவேட்டிலும் அது வேறு வண்டி. அவர் முன்பு கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆலை என்ஜினை மாற்றியபோது அதன் கையில் உடல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பந்தயக்காரன் ஒன்றை உடைத்தால் அடுத்தது இருந்தது. சாட்ஸ்வர்த் பையன்கள் 90களில் வெட்டியபோதும் அது ஐந்து வயதுப் பழைய கார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த வண்டிகள் அதற்காகவே வாழ்ந்தன. இன்று வெட்டுபவர் கையில் மிச்சத்தின் மிச்சம் இருக்கிறது. அதே செயல்தான், எண்ணிக்கை மாறிவிட்டது. அதோடு, அவர் வேண்டுகிற வண்டிக்கு இந்த உடல் தேவையே இல்லை. இதே தலைமுறையின் சாதாரண வகையான 318ஐயில், துருப்பிடிக்காத எந்த உடலிலும் அதே 24 வால்வு என்ஜின் அதே வேகத்தில் ஓடும். இங்கே ஏற்றினால் ஒன்றை அழித்து ஒன்றைச் செய்வோம்; அங்கே ஏற்றினால் இரண்டும் இருக்கும்.

பணக் கணக்கு

அண்ணன் எண்ணைப் பார்ப்பவர். அவருக்குக் கணக்காகவே சொன்னேன். குறைந்த கிலோமீட்டருக்குச் சந்தை கொடுக்கும் கூடுதல் விலை, டெலிவரி எடுத்த நிலையில் நிற்கும் வண்டிக்கு மிக அதிகம். நூறு, இருநூறு கிலோமீட்டர் என்ற கணக்கு அது. 18,000க்கு வந்துவிட்ட வண்டி அந்தப் படியிலிருந்து இறங்கியாயிற்று. 18,000க்கும் 25,000க்கும் நடுவில் விலையை நிர்ணயிப்பது எண் அன்று. ஆவணமும், துருவும், ஓடுகிறதா என்பதும்தான். ஓடாத வண்டியை வாங்க வருபவர், உள்ளே என்ன காத்திருக்கிறதோ என்ற பயத்துக்கும் சேர்த்துக் குறைத்துத்தான் கேட்பார்.

இன்னொன்று அவர் யோசிக்காதது. பத்தாண்டு கழித்து வாங்குபவரும் இதே எண்ணுக்காகத்தான் வாங்குவார். ஆகவே அவரும் ஓட்ட மாட்டார். மோசமாகிக்கொண்டே போகும் ஒரு பொருளைக் கைக்குக் கை மாற்றுகிறோம், எல்லாரும் மீட்டரை மட்டும் காவல் காக்கிறோம். மரணத் தேதியில் வண்டி இருந்த நிலைக்குத்தான் மாஸ்டர் அலுவலகத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஓடாத, பிரேக் இறுகிய, டாங்க் துருவேறிய வண்டி என்றே எழுதினேன். அந்தத் தொகையைப் பார்த்து அவர் வருத்தப்பட்டார். வரி விஷயத்தில் அது நல்லதுதானே என்று தேற்ற வேண்டியிருந்தது.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டுமானால் சாலைத் தகுதிச் சான்று வேண்டும். வெடித்த டயரோடும் இறுகிய பிரேக்கோடும் அது கிடைக்காது. தொடாமல் வைத்திருக்கும் உரிமை இறந்தவருக்கு இருந்தது; அடுத்தவர் பெயருக்கு மாறும்போது வண்டியைத் தொட்டே ஆக வேண்டும்.

செய்த வேலை

உயிர்ப்பித்த வரிசையைச் சொல்கிறேன். இதே நிலையில் வண்டி வைத்திருப்பவருக்கு உதவும். முதலில் யாரும் சாவியைத் திருப்பக்கூடாது என்றேன். பெட்ரோலை வடித்து, டாங்கை இறக்கி உள்ளே சுத்தம் செய்தோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். பெல்ட்டையும் அதன் இறுக்கியையும் அதனடியில் உள்ள தண்ணீர்ப் பம்பையும் மாற்றிய பிறகே, கையால் ஸ்பேனர் போட்டு என்ஜினை மெதுவாகச் சுற்றினோம். தடை இல்லை. இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். பிரேக் குழாய்கள், கேலிப்பர்கள், கிளட்ச் சிலிண்டர், கூலண்ட் குழாய்கள் புதிது. எண்ணெயை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மீண்டும் மாற்றினோம். ஆலை டயர்கள் ஆலைச் சக்கரங்களோடு உலர்ந்த அறையில் இருக்கின்றன. வண்டியில் இருப்பது அதே அளவுள்ள வேறு சக்கரங்களும் புது டயர்களும். சைலன்சர் மட்டும் காப்பாற்ற முடியாதது. அதன் நடுப்பகுதி எண் முத்திரையோடு இருந்ததால் அந்தத் துண்டை வெட்டி வைத்தேன்.

கழற்றிய ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட சீட்டு. பழைய பெல்ட் ஒரு பையில். பெயின்டைத் தொடவில்லை. பானெட்டுக் கொப்புளங்களை அண்ணன் மறுபூச்சு அடிக்கச் சொன்னார், விலை கூடும் என்று. துரு தொடங்கிய கண்ணாடி விளிம்பை மட்டும் நிறுத்தினோம். கொப்புளம் கொப்புளமாகவே இருக்கட்டும் என்றேன். இதில் தங்கை என் பக்கம் நின்றது எனக்கு எதிர்பாராதது. தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் கண்ணுக்கு ஆலைப் பூச்சின் அருமை தெரிந்திருக்கிறது.

பில்லைப் பார்த்து அண்ணன் சில நிமிடம் பேசவில்லை. அதில் தேய்மானத்துக்கான செலவு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் நின்றதற்கான செலவுகள்.

இப்போதைய ஏற்பாடு

இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நான் வரைந்ததை அவர்கள் பாதி மாற்றினார்கள். வண்டி இருவர் பெயரிலும் சொத்து. விற்க இருவரும் இசைய வேண்டும். மாதம் இரண்டு முறையாவது என்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் தூரம் ஓட வேண்டும். தெற்கே கடற்கரையோரம் உள்ள பார்க் ரைனி வரை போய்வரலாம், மழை நாளில் வேண்டாம். வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் செய்வது, பெயின்ட் அடிப்பது எதுவும் இருவர் எழுத்து இசைவின்றிக் கூடாது. போல்ட்டால் பூட்டி எடுக்கக்கூடியதைத் தங்கை தன் செலவில் செய்யலாம். கழற்றியது வீட்டை விட்டுப் போகக்கூடாது. காப்பீடு சந்தை விலைக்கு அன்று, முன்னரே ஒப்புக்கொண்ட தொகைக்கு. தார்ப்பாய் போய்விட்டது; காற்றுப் போகும் பருத்தி உறை வந்திருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டதால் முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தார்கள். 1992இலும் வைத்தார்களாம். அது எந்த வகைப் பாகம் என்று என்னைக் கேட்க வேண்டாம்.

முழுதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பல்சக்கரம் விரைவில் நொறுங்கும் வயதில் இருக்கிறது. முன்கூட்டியே மாற்றச் சொன்னேன். மீட்டரைத் திறந்தால் எண்ணின் நம்பகத்தன்மை போய்விடும் என்று அண்ணன் மறுக்கிறார். இதில் அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. திறக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, சாட்சியோடு கையெழுத்திட்டால் போதும் என்பது என் கருத்து. அவருக்குப் போதவில்லை. ஓடும் வண்டியில் எண் நின்றுபோனால் என்ன செய்வது என்று தங்கை கேட்கிறார். இதற்கு இன்னும் முடிவில்லை.

தங்கை தனியாக ஒரு 318ஐ உடல் வாங்கியிருக்கிறார். மூன்றாவது கை, கதவுகள் இல்லை, தரை நன்றாக இருக்கிறது. ஐந்து போல்ட் மையங்கள் ஏறிவிட்டன, 24 வால்வு என்ஜினும் உள்ளே உட்கார்ந்துவிட்டது. முடிந்ததும் போர்ட் ஷெப்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள டெஸி ரேஸ்வேயில் ஓட்டிப் பார்க்க எண்ணம். என்ஜின் எண் மாற்றத்துக்கான காவல்துறைச் சான்றுக்குக் காத்திருக்கிறார்.